பதினோராம் எண் கூண்டு

தமிழகத்தின் காலநிலைக் கொள்கையை வகுப்பவர்களுக்கும் அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியலாளர்களுக்கும் எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

சென்ற மாதம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்தறியும் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கேட்க என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குப்பத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆற்றை அளந்துகொண்டு போன ஆய்வுக் குழுவின் அறிக்கை எங்கே? மேடையில் இருந்த அதிகாரி, "அது துறையின் உள்பயன்பாட்டுக்கான ஆவணம்" என்றார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். ஒலிவாங்கி அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கூட்டம் கலைந்து வாசலில் டீ கொடுத்தார்கள். அந்த அதிகாரி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்த விஞ்ஞானிங்க ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு ஆடிட்டுல என்னைத்தானே நிக்க வெச்சுக் கேப்பாங்க?" பத்து நிமிஷம் கழித்து, காருக்காகக் காத்திருந்த பேராசிரியர் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "நாங்க எழுதிக் கொடுத்தோம்மா. அவங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு மத்ததை விட்டுட்டாங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு முகத்திலும் களைப்பு இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் இதைப் பேசவில்லை. எங்களிடம் வந்து சொன்னார்கள். உங்களுக்குள் நம்பிக்கை அற்றுப்போயிருக்கிறது. அதற்கான விலையை நாங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் தாழங்குப்பத்துக்காரி. அப்பா நாற்பது வருஷம் கடலிலும் ஆற்றிலும் வலை போட்டவர். உங்கள் கோப்புகளில் எண்ணூர்க் கழிமுகம் என்று வருவதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கொசஸ்தலை கடலைத் தொடும் இடம், பக்கிங்காம் கால்வாய் வந்து கலக்கும் இடம். இறாலும் நண்டும் மடவையும் கொடுத்து என்னை பி.காம். வரை படிக்கவைத்த ஆறு. இப்போது ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆய்வுக் குழு வந்தபோது ஊரோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்தில் என்னை அனுப்பினார்கள்.

ஐந்து பேர் வந்தார்கள், எல்லாரும் இளவயசு. படகில் ஒரு கருவியைக் கட்டி ஆழம் பார்த்தார்கள். அப்பா அதே படகில் நின்று மூங்கில் கோலை இறக்கி, "இங்க இடுப்பு. அங்க முழங்கால்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கருவி காட்டியதும் கோல் காட்டியதும் ஒரு சாண் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின. அப்பா வாலிபனாக இருந்தபோது கோல் தரை தட்டாத இடம் அது. இப்போது தட்டுகிறது. தட்டுவது மணலும் இல்லை, சேறும் இல்லை. சாம்பல். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து வருஷக்கணக்காக ஆற்றில் இறங்கிப் படிந்தது. கையில் அள்ளினால் குழைத்த சிமெண்டு மாதிரி விரலிடுக்கில் வழியும்.

குழுவில் ஒரு பெண் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெற்கேயிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே ஓடுவது வன்னி என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். எந்த மாதத்தில் எது மாறும் என்று கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "முன்னெல்லாம் மாசத்தைச் சொல்லிடுவேன். இப்ப தெரியலம்மா" என்றார். அவள் அதையும் எழுதினாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னிடம் சொன்னார். "தெரியலன்னு சொன்னதைக்கூட எழுதிக்கிச்சு பாரு, அந்தப் பொண்ணு. அதை நம்பலாம்."

கடைசி நாள் வலை பின்னும் கொட்டகையில் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். ஆற்றோரத் தாழ்நிலம் ஒன்றைச் சிவப்பில் தீட்டியிருந்தார்கள். "வெள்ளம் வந்தால் தண்ணீர் தங்க வேண்டிய இடம் இது, இதை மேடாக்கினால் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வரும்" என்று தெளிவாகச் சொன்னார்கள். "ஆறு மாசத்துல அறிக்கையோட வரோம் ஐயா, உங்க முன்னாடி படிச்சுக் காட்டுறோம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து லாரிகள்தான் வந்தன. சிவப்பில் தீட்டிய அதே நிலத்தில் மண் கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, தடை சொல்லும் ஆய்வு எதுவும் கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. நான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அக்கா, அறிக்கையை எப்பவோ கொடுத்தாச்சு. வெளியில சொல்ல எங்களுக்கு உரிமை இல்ல, ஒப்பந்தம் அப்படி. ஒரு அத்தியாயத்தைச் சுருக்கிக் கொடுங்கன்னாங்க. சுருக்கிக் கொடுத்தோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வேலை வேணுமே அக்கா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சுருக்கப்பட்ட அந்த அத்தியாயத்தில் எங்கள் தெருவும் இருந்தது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வானிலை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள், நாங்கள் படகுகளை மேலே இழுத்துக் கட்டினோம். அந்த முறை அறிவியலில் பிழை இல்லை. கொசஸ்தலை பெருகி வந்தபோது தங்குவதற்கு இடம் இல்லாமல் தண்ணீர் ஊருக்குள் திரும்பியது. அதோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்தது. கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பியது. எங்கள் ஆட்கள் பக்கெட்டாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். என் தம்பியின் முழங்கையில் தோல் உரிந்து ஆற இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு மூன்று தடவை அடித்தும் மேலே வருகிறது.

இவ்வளவு மழை பெய்யும் என்று சொல்ல ஓர் அறிவியல் இருந்தது. அந்த மழை எந்தத் தொழிற்சாலை வளாகத்துக்குள் புகும், அங்கே தரையில் என்ன கிடக்கிறது, அது எந்த வாய்க்காலில் இறங்கும் என்று கேட்க ஓர் அதிகாரம் இருந்தது. இரண்டும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எண்ணெய் எங்கள் வாசலுக்கு வந்திருக்காது. அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அறிவியலின்மேல் சந்தேகம் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நம்புவார்கள். ஒன்றாம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தம். பத்து என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது. எண் ஏறினால் வலையைச் சுருட்டுவோம். யாரும் விவாதம் செய்வதில்லை. ஏனென்றால் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். வானிலை மையத்தில் இருப்பவருக்கும், துறைமுக அதிகாரிக்கும், என் அப்பாவுக்கும்.

பத்துக்கு மேல் இன்னொரு எண் உண்டு. பதினொன்று. வானிலை மையத்தோடு இருந்த தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது, ஆபத்து இருப்பதாக இங்கே இருக்கும் அதிகாரி நினைக்கிறார் என்பது அதன் பொருள். அதை ஏற்றி நான் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த எண்தான் என் மனசில் வந்தது.

இது எண்ணூர்க் கதை மட்டும் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் யாரும் எதிர்பாராத மழை கொட்டியது. கணிக்கத் தவறியதை வானிலை மையம் ஒப்புக்கொண்டது. மாநில முதலமைச்சர் மையத்தின் திறனை மேம்படுத்தக் கோரி ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் தப்பு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில். தாமிரபரணிக் கரை ஜனங்கள் மொட்டை மாடிகளில் நின்றுகொண்டிருந்தபோது, முன்னாலேயே எச்சரித்தோம் என்று ஒரு தரப்பும், உரிய நேரத்தில் உரிய அளவு சொல்லவில்லை என்று மறு தரப்பும் வாதம் செய்துகொண்டிருந்தன. யார் எப்போது என்ன சொன்னார்கள், கேட்டவர் என்ன பதில் எழுதினார் என்று ஜனங்கள் பார்க்கும்படி ஒரே இடத்தில் ஒரு ஏடு இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

நான் அறிவியலாளர்களை ஏன் நம்புகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிய மழைக்குப் பிறகு, எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடுவது சுலபமாக இருந்தது. மேடையில் பேசியவர்கள் அதைத்தான் செய்தார்கள். அந்த மழையை ஆராய்ந்து அடுத்த வருஷம் எழுதிய பன்னாட்டு அறிவியலாளர் குழு வேறு மாதிரி சொன்னது. இந்த ஒரு மழையில் மனிதனால் வந்த காலநிலை மாற்றத்தின் பங்கு இருப்பதாக எங்களால் காட்ட முடியவில்லை, காற்றில் உள்ள மாசுத் துகள்கள் அந்த விளைவை மறைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆதாரம் இல்லாததால் சொல்லவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்த விதத்தை வைத்து அந்த 2015 வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. இந்த இரண்டையும் படித்த பிறகுதான், "வரலாறு காணாத மழை" என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

அதே அளவுகோலால் அறிவியலாளர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2022இல் சென்னைக் காலநிலைச் செயல் திட்டத்தின் வரைவு வந்தபோது செய்தித்தாள்களில் ஒரு வரி வந்தது. ஐந்து வருஷத்தில் கடல் மட்டம் 7 செ.மீ. உயரும், சென்னைக் கரையில் 100 மீட்டர் மூழ்கும் அபாயம். எங்கள் வீடு கடலிலிருந்து அறுபது மீட்டர். அம்மா பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். நான் கணக்கு எழுதுகிறவள், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐ.பி.சி.சி. என்கிற பன்னாட்டுக் காலநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில், 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மி.மீ. உயர்ந்தது என்று இருக்கிறது. ஐந்து வருஷத்தில் 7 செ.மீ. என்றால் ஆண்டுக்கு 14 மி.மீ. ஏறத்தாழ நான்கு மடங்கு. வேறு ஓர் ஆண்டிலிருந்து கூட்டி வந்த கணக்காக இருக்கலாம். நிலம் அமிழ்வதையும் சேர்த்ததாக இருக்கலாம். என் கைக்குக் கிடைத்த எந்தத் தமிழ்ச் செய்தியிலும் விளக்கம் இல்லை. இப்படி ஓர் எண்ணை விளக்கமில்லாமல் வீசினால் இரண்டு தீமை நடக்கும். பயந்தவர்கள் பயந்தபடியே இருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து, "சொன்ன மாதிரி ஒன்றும் மூழ்கவில்லையே" என்று சொல்லி, உண்மையாக உயர்ந்துகொண்டிருக்கிற கடலையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். கடல் உயர்வது எங்களுக்குப் பொய்க்கதை இல்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்ட காலம் முதல் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி ஒரு தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்தில் அரிப்பு. எங்கள் தாத்தா வீடு இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கிடக்கிறது, கல்லுக்கு அப்பால் தண்ணீர். ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிற கரைமேல்தான் அந்தக் கூடுதல் மில்லிமீட்டர்கள் வந்து ஏறுகின்றன. ஆகவே எண் சரியாக வேண்டும் எங்களுக்கு. கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானொலியில், "ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு" என்று கேட்டே வளர்ந்தேன். மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை பெய்தால் ஓரிரு இடங்கள், 26 முதல் 50 வரை என்றால் ஒருசில இடங்கள், 51 முதல் 75 வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள் என்று கணக்கு வைத்திருப்பதை அந்த ஆய்வுப் பெண் சொல்லித்தான், முப்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன். ஐ.பி.சி.சி. அறிக்கையிலும் இப்படித்தான். நூற்றுக்கு 66க்கு மேல் என்றால் ஒரு சொல், 90க்கு மேல் என்றால் வேறு சொல், 99க்கு மேல் என்றால் இன்னொரு சொல். தமிழில் வரும்போது எல்லாம் "வாய்ப்புள்ளது" ஆகிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியாகச் சொன்னதும் "வாய்ப்புள்ளது". பாதிக்குப் பாதி என்று சொன்னதும் "வாய்ப்புள்ளது". கோப்பைப் பார்க்கும் அதிகாரி, வாய்ப்புதானே, உறுதியாகட்டும் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறார். அறிவியலாளர், உறுதியாகச் சொல்லியும் கேட்கவில்லையே என்று மனம் கசக்கிறார். இவ்வளவு பெரிய பிளவுக்கு நடுவில் ஒரு சொல் நின்றுகொண்டிருப்பதை நீங்கள் யாராவது கவனித்தீர்களா?

அதிகாரிகளிடம் தனியாக ஒன்று. உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. முடிவு எடுப்பவருக்கு ஒரு தேதி இருக்கிறது, அறிவியலுக்கு அந்தத் தேதி தெரியாது. ஆனால் வேண்டியபடி வரைபடம் மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டலத் திட்ட வரைபடத்தில் எண்ணூர் ஆறு இருந்தது. பிற்பாடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வரைபடத்தில் ஆறு இல்லை. நாங்கள் அதே ஆற்றில்தான் அன்றைக்கும் வலை போட்டுக்கொண்டிருந்தோம். ஓடுகிற ஆற்றைத் தாளில் காணாமல் அடிக்க முடிந்தால், காலநிலை அறிக்கையில் ஒரு பத்தியைக் காணாமல் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாநிலத்தில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. முதலமைச்சர் தலைமையில் காலநிலைக்கென்றே ஒரு குழு இருக்கிறது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். அதே மாநிலத்தில்தான் 2024 டிசம்பர் 20 அன்று, எண்ணூர் அனல் மின் நிலையத்தை 660 மெகாவாட் நிலக்கரி அலகோடு விரிவாக்குவதற்கான கருத்துக் கேட்பு நடந்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அந்த மாதிரி மேடையில் மாவட்ட நிர்வாகம் தலைமை தாங்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், திட்டக்காரர் விளக்குவார், ஜனங்கள் பேசுவார்கள். அரசுக்குக் காலநிலை ஆலோசனை சொல்லும் அறிவியலாளருக்கு அங்கே நாற்காலி கிடையாது. மேடையிலே பேச வேண்டியவர்கள் மாநாட்டு அறையில் பேசுகிறார்கள். புகை போகும் பக்கத்தில் குடியிருக்கிற நாங்கள், மூன்று நிமிஷம் ஒலிவாங்கி கிடைத்தால் அறிவியலாளர் வேலையையும் சேர்த்துச் செய்கிறோம்.

இது முடியாத காரியம் இல்லை. ஐ.பி.சி.சி. 1988இல் தொடங்கியது. 195 நாடுகள் அதில் இருக்கின்றன. கொள்கை வகுப்பவர்களுக்கான சுருக்கத்தை வெளியிடும் முன் அரசுப் பிரதிநிதிகளும் அறிவியலாளர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார்கள். எண்ணெய் விற்கும் நாடும் இருக்கும், மூழ்கப்போகும் தீவும் இருக்கும். சண்டை நடக்கும், ராத்திரி விடியும். ஆனால் ஒரு வரி மேசைக்கு வந்து ஒப்புதலாகிவிட்டால், அந்த வரி எனக்குத் தெரியாது என்று அதற்குப் பிறகு எந்த அரசும் சொல்ல முடியாது. அதனால் சொல் மென்மையாகிவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் சுருக்கப்பட்ட அத்தியாயத்தைவிட எனக்கு அந்த முறை மேல். உலகத்துக்கே முடிகிறபோது, பழவேற்காட்டிலிருந்து காசிமேடு வரைக்குமான ஒரு கரைக்கு முடியாதா?

நாங்கள் கேட்பது இவைதான்.

வடசென்னைக் கரையையும் கொசஸ்தலை ஆற்றையும் பற்றி அரசுப் பணத்தில் நடந்த காலநிலை, வெள்ள ஆய்வுகள் அத்தனையையும் முழுசாக, சுருக்காமல், தமிழில் வெளியிடுங்கள். எங்கள் ஆற்றை அளந்த அந்த அறிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். வெட்டப்பட்ட அத்தியாயம் வெட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும். இனிமேல் போடும் எந்த ஒப்பந்தத்திலும் முடிவுகளை வெளியில் சொல்லக்கூடாது என்ற வரி இருக்கக்கூடாது.

அறிவியலாளர் எழுத்தில் கொடுக்கும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் துறை 90 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றோம், அல்லது இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை. பணம் இல்லை என்பதும் ஒரு காரணம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆலோசனையையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்டு அலுவலகத்திலும் மீன் ஏலக் கூடத்திலும் ஒட்டுங்கள். நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள் என்று பயப்படும் அதிகாரிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அறிவியலாளர்களே, உங்களிடம் கேட்பது வேறு. எங்கள் தண்ணீரையும் மண்ணையும் எங்கள் அப்பாக்களின் சொல்லையும் எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வந்து எங்கள் முன்னால் படித்துக் காட்டுங்கள். தெரிந்தது எது, தெரியாதது எது என்று இரண்டையும் சொல்லுங்கள். உறுதியின் அளவைச் சொல்லும் தமிழ்ச் சொற்களை நீங்களும் துறையும் சேர்ந்து நிலைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணைப் போடுங்கள். கூண்டுக்கு எண் வைத்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. 7 செ.மீ. கணக்கு எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, எந்த அளவுமானியை வைத்துப் போட்டது என்பதை இந்த வருஷமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள், உங்கள் மதிப்பு எங்களிடம் குறையாது.

நிலக்கரி அலகோ, துறைமுக விரிவாக்கமோ, ஆற்றோர நிலத்தில் மண் கொட்டுவதோ எதுவானாலும், கருத்துக் கேட்பு மேடையில் காலநிலை ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து தன் கருத்தைத் தமிழில் படிக்க வேண்டும். அது பதிவில் ஏற வேண்டும். சிவப்பில் தீட்டிய அந்தத் தாழ்நிலத்தில் கொட்டிய மண்ணை அள்ளுவதா இல்லையா என்பதையும் அந்த முறைப்படியே முடிவு செய்யுங்கள். அதுவரை அங்கே ஒரு லாரியும் நுழையக்கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை தொடங்கும் முன் வானிலை மையத்துக்காரர், நீர்வளத் துறைக்காரர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர், ஆய்வாளர்கள் எல்லாரும் எண்ணூரில் ஒரு நாள் எங்களோடு உட்கார வேண்டும். மண்டபம் வேண்டாம், வலை பின்னும் கொட்டகை போதும். இருபது பேர் தாராளமாக உட்காரலாம். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது ஆகிறது, படகில் ஏறுவதில்லை. அந்தப் பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று இன்றும் கேட்கிறார். இந்த வருஷம் புரட்டாசிக்குள் ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர் தாழங்குப்பத்து மீனவர் ஒருவரின் மகள்